யாருடைய சோத்துக்கை

அன்று மைதானத்துக்கு அண்ணை மட்டும் வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் வரவில்லை. லண்டன் நோர்பரியில் எங்கள் கடையை யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். லக்ரோஸ் என்றொரு விளையாட்டு இருப்பதையே அங்கேதான் அறிந்தேன்.

கடைசி நிமிடத்தில்தான் சமன் செய்திருந்தோம்; அடுத்த கோலைப் போடும் அணிக்கே வெற்றி. இனி இருவர் எதிரெதிரே குனிந்து, நடுவில் வைத்த பந்தை விசிலுக்கு வலைக்கோலால் இழுக்க வேண்டும். எதிராளி எந்தப் பக்கம் இழுப்பான் என்று அவன் விரல்களைப் பார்த்தே கணிப்பது என் வேலை. இதையும் தோற்றால் அடுத்த வாரம் வேறொருவன்தான் குனிவான் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். களைத்த கண்ணுக்கு விரல்கள் எதையும் சொல்லவில்லை.

எதிராளி ஒரு பக்கமாக நின்ற தன் கூட்டாளிக்குத் தலையசைத்ததை வெளியே நின்ற அண்ணை கண்டுவிட்டார்.

"தம்பி, சோத்துக்கைப் பக்கம் இழுக்கப்போறான்."

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். விசில் ஊதியதும் என் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து இடப்பக்கமாகப் போய், எங்களுக்கு எதிரான கோலாக முடிந்தது.

திரும்பும் ரயிலில் அண்ணை கேட்டார்: "நான் சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது. ஆற்றை சோத்துக்கை?"

"அவன்ரை."

"அவன் எனக்கு நேரெதிரை எல்லோ அண்ணை நிண்டவன்."

"படிச்ச நீ திருப்பி யோசிப்பாய் எண்டு நினைச்சன்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டம் போனது, அணியில் என் இடமும் போனது. அதைப் பார்க்க அண்ணை வேலைக்குப் போகாமல் விட்ட ஷிப்டின் தொண்ணூறு பவுணும் போனது.