நானே இறக்கிய தோள்

ராஜபாளையத்தில் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டிருந்த என்னை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா கூப்பிட்டனுப்பியது வைத்தியம் கற்றுத்தர அல்ல. ஆளை அமுக்கிப் பிடிக்க. அத்தான் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். காய்ச்சலில் அவர் போன பிறகும் வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பக்கத்திலேயே இருந்து பழகியிருந்த அக்கா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கைப்பக்குவம் இருந்தது; பலம் போதவில்லை. எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது.

வந்த வாரமே கிணறு வெட்டுகிற ஒருவன், தொடை எலும்பை நேராக்கும்போது என் முன்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டான். அலறலைக் கேட்டு வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயக் கொப்பளிச்சுட்டு வந்து பிடி" என்றாள். அலறல் பழகியது. துணிக்கு மேலே தடவியே எலும்பு எங்கே விட்டிருக்கிறது என்று விரல் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் கழன்ற மூட்டு ஒன்றைக்கூடத் தனியாக ஏற்ற அவள் விட்டதில்லை.

ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மடை திறப்பதில் பங்காளிகளுக்குள் வெட்டுக்குத்து ஆகிவிட்டது. ஒருவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடப்பாரை அடி. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருந்தது. தூக்கி வந்தவர்கள் அவனை எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டு ஆள் சேர்க்க ஓடினார்கள். நாங்கள் காயத்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது, எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவன் கம்போடு உள்ளே வந்தான். வேட்டியெல்லாம் ரத்தம்.

"ஏட்டி, கையை எடு. எங்கண்ணன் மடையில செத்துக் கெடக்கான். இவனுக்குக் கட்டாப் போடுத?"

"பொறவு பேசுவோம். இப்ப வெளிய போ" என்றாள் அக்கா, காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டிலில் கிடந்தவனின் தலையைப் பார்த்துக் கம்பு இறங்கியது. அக்கா கையைக் குறுக்கே கொடுத்தாள். அவள் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. நான் பாய்ந்தேன். கம்பு பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி மேலே தூக்கினேன். தோள் மூட்டு கழன்றது. அவன் விழுந்த பிறகும் விடாமல் விலாவில் மிதித்தேன். மறுபடி காலை ஓங்கினேன்.

"ஏலே, நிப்பாட்டு!"

நின்றேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் தோளை ஏத்து."

"செத்தாச் சாகட்டும்க்கா."

"நீ எறக்குனத நீதான் ஏத்தணும். போகப் போகச் சதை இறுகிப்போகும். என் கை இப்ப ஆகாது."

உட்கார்ந்து அவன் அக்குளில் குதிகாலை ஊன்றினேன். இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். அவன் அலறி என் தாயைத் திட்டினான். எனக்கு அது வேண்டியிருந்தது. இன்னும் அலறட்டும் என்றிருந்தது.

"கோவத்துல இழுக்காதலே, நரம்பு போயிரும். அவன் மூச்சு விடும்போது இழு."

அவன் மூச்சைக் கவனிக்க வேண்டியதாயிற்று. உள்ளே வரும்போது பிடித்து நின்றேன், வெளியே போகும்போது இழுத்தேன். என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. கோபம் போகவில்லை. ஆனால் கைக்கு வேறு வேலை இருந்தது. சதை மெல்ல இளகி, எலும்பு தன் குழிக்குள் போய் விழுந்தது என் காலில் தெரிந்தது. அவன் திட்டுவதை நிறுத்திவிட்டு, "அண்ணே, அண்ணே" என்று அழத் தொடங்கினான்.

பிறகு கட்டிலில் கிடந்தவனின் காலுக்குக் கட்டுப் போட்டோம். கடைசியாகத்தான் அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். நான் தனியாகப் போட்ட முதல் கட்டு அதுதான்.

கட்டிலில் வந்தவன் பிழைக்கவில்லை. புண் அழுகிச் சில நாளில் போய்விட்டான். கம்போடு வந்தவன் தோளுக்குப் போட்டிருந்த கட்டை மாற்றத் திரும்பி வந்தான். எனக்குக் கை முறுக்கேறியது. அக்கா அவன் தோளைத் தொடவில்லை.

"சோறு திங்கியா? தூங்குதியா?" என்றாள்.

"கஞ்சி எறங்கல. கண்ண மூடுனா அண்ணன் விழுதான்."

"அப்ப தோளு எப்படிக் கூடும்?" என்று சொல்லி, அவனை வேப்பமர நிழலில் படுக்கச் சொன்னாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்க்கும் வேலை எனக்கு. தோளை ஏற்றியதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். சாயங்காலம்வரை வாய் பிளந்து தூங்கினான்.

அக்காவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அவள் எதையும் இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், நான் செய்வேன். வருகிறவர்களிடம் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "இது இவன் மொதல்ல கட்டுன கட்டு, பாத்துக்கோங்க" என்று சிரிப்பாள். அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வலி யோசிக்க விடாது. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டுவார்கள்.