நர்ஸம்மாவின் பயறுக் கோசம்பரி

யுத்த காலத்தில் பெங்களூர் கன்டோன்மென்ட்டில், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த நர்ஸம்மா நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். அதனாலேயே எல்லோரும் அவருக்குப் பயப்பட்டார்கள்.

விடுதியில் எப்போதும் ரொட்டியும் கஞ்சியும்தான். பிள்ளைகள் மலச்சிக்கலால் துடித்தால், விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்வார் வார்டன். பொறுக்கமாட்டாமல் நர்ஸம்மா ஒருநாள் தட்டைப்பயற்றை ஊறவைத்து வேகவைத்து, வெள்ளரிக்காயும் கொத்தமல்லியும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கோசம்பரி செய்தார். பிள்ளைகள் தட்டை நீட்டும்போது வார்டன் வந்துவிட்டார்.

"மாட்டுத் தீனி இது," என்று பாத்திரத்தைக் கழுநீர் வாளியில் கவிழ்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸம்மாவின் நெற்றி நரம்பு புடைத்தது.

"மாடு எதுவும் இப்படி வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுது நீங்க பாத்திருக்கீங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

மறுநாளும் செய்தார். வாசலில் நின்று ஒவ்வொரு தட்டிலும் தானே வைத்தார். வார்டன் அந்தப் பக்கம் வரவில்லை.

சில வாரங்களில் வார்டனே வயிறு கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். நர்ஸம்மா ஒரு கிண்ணம் கோசம்பரியை அவர் மேஜையில் ணங்கென்று வைத்துவிட்டு, அதே கடுகடுத்த முகத்தோடு வெளியே வந்தார்.

"கோவம் இன்னும் போகலயேக்கா. அப்புறம் ஏன் குடுக்கறீங்க?" என்றேன்.

"கோவம் அந்தம்மா மேல. அவங்க வயிறு என்ன பண்ணுச்சு எனக்கு?"

வார்டன் எழுந்து நடமாடும்வரை கிண்ணம் தினமும் போயிற்று. இருவருக்கும் பேச்சு மட்டும் கடைசிவரை இல்லை. அப்படியொரு கோபத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.