எதற்கும் ஒன்பது

ஒன்பது என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளில், சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் நான் படித்த கல்லூரியில் ஒரே ஒரு யுனிக்ஸ் கணினிதான். மாணவர்கள் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து அந்த ஒன்றைத்தான் பங்குபோட்டுக்கொள்வோம். அடைமழையில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் புரோகிராம் ஒன்றைக் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்காக எழுதியிருந்தேன். அது ஓடி முடிக்க இரண்டு முழு நாள் வேண்டும். முடியாவிட்டால் எனக்குப் பட்டம் கிடையாது.

முடியவிடாமல் செய்தவர் கணினி அறைப் பொறுப்பாளர். யாழ்ப்பாண வழி வந்தவர். மற்றவர்களிடம் ஆங்கிலம், என்னைத் திட்ட மட்டும் தமிழ். கணினி கொஞ்சம் மந்தமானால் போதும், 'பிஎஸ்' என்று தட்டி என்னென்ன ஓடுகிறது என்று பார்ப்பார். எது கணினியின் நேரத்தை அதிகம் தின்கிறதோ அதற்கு 'கில்' கட்டளை, கூடவே ஒன்பது. ஒன்பது போட்டால் எந்தப் புரோகிராமும் நின்ற இடத்தில் செத்துவிடும். செய்த வேலையைச் சேமிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. யாருடையது என்று பக்கத்திலேயே பெயர் இருக்கும். அதைப் பார்க்கக்கூட அந்த மனிதருக்கு மனசு வராது. என்னுடையதை மூன்று முறை கொன்றார்.

"சார், பதினஞ்சு போடுங்க. அதுவரைக்கும் செஞ்ச கணக்கைச் சேமிச்சுட்டுத் தானா நின்னுடுற மாதிரி எழுதியிருக்கேன்," என்று கெஞ்சினேன்.

"என்ன பிள்ளை, எப்பிடியும் சாகப்போறதுதானே லா!"

கையிலிருந்த தடிப் புத்தகத்தை அவர் மேல் வீசியிருக்கவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ப்ராஜெக்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் கணினி திரும்பவும் நகரமாட்டேன் என்றது. அடுத்தவர் புரோகிராமை நிறுத்தும் அதிகாரம் அவருடைய திரைக்கு மட்டும்தான். அவரோ போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பிள்ளை, என்ர இடத்தில இருந்து அடி! எது கூடத் தின்னுதோ அதை அடி!"

உட்கார்ந்து 'பிஎஸ்' தட்டினேன். என்னுடையது இரண்டாவதாகத் தின்றுகொண்டிருந்தது. அதைவிட அதிகம் தின்றது அவருடையது: காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அவருடைய ஆண்டறிக்கைக் கணக்கு.

"சார், யாரோடதுன்னு பாத்துட்டு..."

"பாக்க என்ன கிடக்கு? ஒன்பது போடு!"

போட்டேன்.

பேசி முடித்து வந்தவர் தன் கணக்கைத் தேடினார். திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"என்ர எங்க?"

"எப்படியும் சாகப்போறதுதானே, சார்," என்றேன்.

என் கணக்கு மறுநாள் முடிந்தது, பட்டமும் வந்தது. அதற்குப் பிறகு அவர் முதலில் பதினைந்து போட்டார், பெயரையும் பார்த்தார். என்னுடைய மூன்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னுடையது செத்த பிறகுதான் அவருக்குப் பெயர் வாசிக்கத் தெரிந்தது.