ஹமித்துக்கு இரண்டு பிள்ளைகள்

செப்டம்பர் வந்தால் எங்கள் தெருவில் துணி காயப்போட முடியாது. எல்லாவற்றிலும் சுட்ட மிளகாய் வாசனை ஏறிவிடும். அதில் பாதி மெவ்லூடே வீட்டு முற்றத்திலிருந்து வருவது. பதினோரு வருஷமாக அவள் தகர அடுப்பில் சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெய் விட்டுக் கிண்டி, அய்வார் விழுதாகப் புட்டியில் அடைத்து விற்கிறாள். பதினோரு வருஷமாக நான் பக்கத்தில் உட்கார்ந்து தோலுரிக்கிறேன். என் நகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அவள் புருஷன் செஃபெர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த வருஷம் ஆரம்பித்தது இது. முதல் தடவை நாற்பது புட்டி போட்டாள். "நல்லதுதான், பொழுது போகும்" என்று அவள் அண்ணன் ருஸ்தெம் சிரித்தான். அந்தப் பொழுதுபோக்கில்தான் மகள் நர்சிங் படித்து முடித்தாள், செஃபெர் எழுந்து நடந்தான். யாரிடமும் கேட்காமல் பையைத் திறந்து பத்து யூரோ எடுக்கிற பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

போன வருஷம், அவளிடம் புட்டிகளை வாங்கும் ப்ரிஸ்ரென் நகரத்துக் கடைக்காரன் குண்டைத் தூக்கிப் போட்டான். முற்றத்தில் செய்த சரக்கை இனி வாங்க முடியாதாம். ஓடு பதித்த அறை வேண்டுமாம், குழாய்த் தண்ணீர் வேண்டுமாம், அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதே நேரத்தில் நகராட்சியில் பெண்களுக்கென்று ஒரு மானியம் அறிவித்தார்கள். அறை கட்டித் தருவார்கள், இயந்திரமும் தருவார்கள். விண்ணப்பிக்கிற பெண்ணின் பேரில் கால் ஏக்கர் நிலம் இருந்தால் போதும்.

எந்த மேதாவி யோசித்தானோ! கொசோவோ முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பெண் பேரில் எத்தனை நிலம் கிடைக்கும்? மெவ்லூடே இருக்கிற வீடே மாமனார் பேரில் இருக்கிறது. கோழி மட்டும்தான் அவளுடையது.

ஆனால் அவள் அப்பா ஹமித் நாலு ஏக்கர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம். ருஸ்தெம், நெசிம், இவள் என்று மூன்று பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் சகோதரிகள் பங்கு கேட்க மாட்டார்கள். "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகப் பெருநாளுக்குப் போனால் பிறந்த வீட்டுக் கதவு திறக்கும், காப்பி வரும். பங்கு வாங்கியவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. மெவ்லூடேவை யாரும் எழுதிக் கொடுக்கக்கூட இன்னும் கூப்பிடவில்லை. அப்படியென்றால் பாகம் பிரிக்கவில்லை, கேட்டால் கொடுப்பான் என்று நம்பிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ருஸ்தெம் எழுந்து வந்து வரவேற்றான். அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரோட்டோரம் முள்ளு மண்டிக் கிடக்கே, அதுல கால் ஏக்கர் போதும். எம்பேர்ல இருக்கணும், அவ்வளவுதான்."

"உனக்கு என்னம்மா குறை? செஃபெர் கையாலாகாதவன்னு ஊர் பேசணுமா?"

"ஊர் என்னமோ பேசட்டும். முப்பதாம் தேதி மானியத்துக்குக் கடைசி நாள்ணே."

"பாக்கலாம். காப்பியைக் குடி, ஆறிடப் போகுது."

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கெஞ்சினது போதும்டி. சட்டம் இருக்கு, நேரா ஆபீசுக்குப் போவோம்" என்றேன். "சட்டம் இருக்கு ஷுக்ரியே, அண்ணனும் இருக்கானே" என்றாள். ஆனாலும் மறுநாள் காலையில் அவளே வந்து என் கேட்டைத் தட்டினாள்.

நகராட்சி அலுவலகத்தில் கவுன்டர் பெண் ஹமித்தின் வாரிசுச் சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தாள். மெவ்லூடே படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மூணாவது பேரு எங்கம்மா?"

"ரெண்டு பேர்தான் அக்கா. ருஸ்தெம், நெசிம். நீங்க யாரு?"

"நான் மகள்."

"இதுல அப்படி இல்லையே."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த ஆபீஸே அதிரும்படி கத்தினேன். "எந்தப் பாவி சொன்னான் ஹமித்துக்கு ரெண்டே பிள்ளைன்னு? எவன் சாட்சி போட்டான்? பேரைச் சொல்லு, நான் போய் அவன் வாசல்ல நிக்கிறேன்!"

அந்தப் பெண் திரையை உருட்டிப் பார்த்தாள். "ரெண்டு சாட்சி. ஒண்ணு, முடிவெட்டுற ஃபெஹ்மி." பிறகு என் முழுப் பெயரைப் படித்தாள். கையெழுத்தையும் காட்டினாள். என்னுடையதுதான்.

சாவு வீட்டின் மூன்றாம் நாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்காக நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் புருஷன் ஜெர்மனியில்; இருந்திருந்தால் அவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ருஸ்தெம் காரோடு வந்து, "ஷுக்ரியே அக்கா, அப்பா இறந்ததுக்கு ஊர்க்காரங்க சாட்சி ஒண்ணு வேணும்" என்றான். போனேன், போட்டேன். துக்க வீட்டுக்காரன் நீட்டுகிற தாளை எங்கள் ஊரில் யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். படித்தால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி. இப்படி ஒரு மரியாதை! இதைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

மெவ்லூடே என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கை கழுவாமக்கூடப் போனியே, மாவோட. எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள்.

"நான் போட்டது பொய்ச் சாட்சிக் கையெழுத்து, எழுதிக்கோ" என்று கவுன்டர் பெண்ணிடம் சொன்னேன். அபராதம் வரும் என்றாள். வரட்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். மெவ்லூடேவின் பிறப்புப் பதிவு போரில் எரிந்துபோனவற்றில் ஒன்று. அதனால் அவள் ஹமித்தின் மகள்தான் என்று இரண்டு பேர் நேரில் வந்து சொன்னால் சான்றிதழைத் திருத்தலாமாம்.

"இதோ நான் ஒருத்தி" என்றேன்.

"நீங்க செல்லாது அக்கா. இப்பத்தானே பொய் சொன்னேன்னு எழுதிக் கொடுத்தீங்க. வேற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

"ஊருக்கே தெரியும்மா இவ யாருன்னு!"

"தெரிஞ்சா போதாது. வந்து சொல்லணும்."

பத்து நாள் வீடு வீடாகப் போனோம். அவள் கல்யாணத்தில் ஆடியவர்கள், அவளோடு பள்ளிக்குப் போனவர்கள், அவள் அய்வாரைக் கடனுக்கு வாங்கித் தின்றவர்கள். ஒருத்தரும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது. எல்லா வீட்டிலும் 'பாக்கலாம்'. "அண்ணன் தங்கச்சி விவகாரம், நடுவுல நாங்க எதுக்கு?" என்று ஃபெஹ்மி கத்திரியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான். அங்கே நான் பேசியதை அச்சில் போட முடியாது. கடைசியில் உறுதியாக வருகிறேன் என்றவள் ஒரே ஒருத்தி, பள்ளிக்கூட ஆசிரியை வால்தெடே. இன்னும் ஓர் ஆள் வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி வந்துவிட்டது.

"பெத்தவளை விட்டுட்டு ஊரெல்லாம் சுத்துறோமே" என்றாள் மெவ்லூடே.

ருஸ்தெம் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனோம். அம்மா கேட் வரைக்கும் வந்தாள். திறக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. என்னைப் பெத்தேன்னு சொல்லு. டாக்சியில கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விட்டுடறேன்."

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொல்ல மாட்டேனாடி? பெத்த வலி எனக்குத் தெரியாதா? ஆனா சொல்லிட்டு வந்தா, ராத்திரி நான் எங்கடி போய்ப் படுப்பேன்?"

"என் வீட்ல படும்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"அது உன் மாமனார் வீடுடி" என்றாள்.