நாளைக்குக் குவாரியைப் பார்க்க வாராங்க

ஆட்டுப் புழுக்கையைத் தண்ணியில ஊறவச்சுக் கரைச்சா ஒரு வாடை வரும். சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. சாப்பிட உட்கார்ந்தா சோத்துலயும் அதே வாடைதான்.

என்னோட ஏழாம் வகுப்பு முழுக்க அந்த வாடை…

வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. அம்மா போன்ல வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு டைப் பண்றேன். இது நம்ம குரூப்போட இருக்கட்டும்டி. வீட்டு விஷயத்தை வெளிய எழுதுறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா, அப்புறம் போனைத் தொடவே முடியாது.

சின்னாளப்பட்டிக்கு பஸ்ல போறப்ப, ஒரு பக்கமா வெட்டிவிட்ட பாறை தெரியும்ல? அதுக்குக் கீழதான் எங்க ஊரு கல் குவாரி. கல்லு எடுத்து முடிச்சு மூடினதுக்கப்புறம், பள்ளத்தைச் சுத்தி வேலி போட்டு, செம்மண் கொட்டி, மரம் வளர்த்துக் காட்டணும்னு உத்தரவு. குவாரிக்காரங்க மண்ணைக் கொட்டிட்டு, கன்னு நட்டுத் தண்ணி ஊத்த நாலு பொம்பளைங்களை வேலைக்கு வச்சாங்க. எங்க அம்மாவும் பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம் அத்தையும் அதுல இருந்தாங்க.

வேம்பு, புங்கை, நாவல்… எல்லாம் என் முட்டி உயரம்கூட இல்லை. கீழ பூரா ஜல்லி. ஊத்துற தண்ணி எங்க போகுதுன்னே தெரியாது. அம்மா ஒவ்வொரு கன்னைச் சுத்தியும் தேங்கா மட்டையைக் கவுத்து வச்சு ஈரத்தைக் காப்பாத்தும். லீவு நாள்ல நானும் குடம் தூக்குவேன்.

தண்ணியை விடப் பெரிய தொல்லை ஆடு. வேலியில ஒரு இடத்துல கம்பி நெகிழ்ந்திருந்துச்சு, அது வழியா வந்து கொழுந்தைக் கடிச்சிட்டுப் போயிரும். அதுல பாதி ஆடு பஞ்சவர்ணம் அத்தையோடதுதான்.

"மதினி, ஒங்க ஆட்டைக் கட்டிப்போடக் கூடாதா?"ன்னு அம்மா கேட்டா, "கட்டிப்போட்டா எங்க அண்ணனா வந்து தழை ஒடிச்சுப் போடுவாரு?"ன்னு அத்தை எங்க அப்பாவை இழுத்துவிடும்.

அப்புறம் அத்தையே ஒரு வழியும் சொல்லுச்சு. புழுக்கையைக் கரைச்சு இலையில தெளிச்சிட்டா ஆடு வாய் வைக்காதாம். நெசமாவே வைக்கலை.

குவாரி எப்படி இருக்குன்னு பார்க்க ஆபீசர் வாராங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்குச் சாப்பிடும்போது அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. கன்னு பட்டுப்போச்சுன்னு எழுதிட்டா இவங்களை நிறுத்திருவாங்க, நிறுத்திட்டா பெரியவ படிப்பை நிறுத்தி, மில் வேலைக்கு ஹாஸ்டல்ல விட வேண்டியதுதான்னாரு. அக்கா அப்பப் பத்தாவது. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்தா.

அந்தப் பயத்துலதான் அந்தத் தப்பு நடந்துச்சு. ஆபீசர் வர்ற நேரத்துல ஒரு இலைகூடக் கடிபட்டிருக்கக் கூடாதுன்னு, தண்ணியாத் தெளிக்க வேண்டியதை நாலு பேரும் சேர்ந்து கெட்டியா, தோசை மாவு கணக்காப் பூசிட்டாங்க. மறுநாள் வெயில் ஏறினதும் அது காய்ஞ்சு… குவாரி முழுக்கப் பழுப்பு. தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

கழுவலாம்னு குடத்தைத் தூக்குறதுக்குள்ள ஜீப் வந்துருச்சு.

சூப்பர்வைசருக்கு மொகமே செத்துப்போச்சு. வந்தது ஒரு மேடம். ஒவ்வொரு கன்னாப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க. நான் காலிக் குடத்தைக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னேன்.

மேடம் ஒரு நாவல் கன்னுகிட்ட உட்கார்ந்து, தண்டை நகத்தால லேசாச் சுரண்டினாங்க. உள்ள பச்சை. அப்புறம் இலையைக் கசக்கி, விரலை மோந்து பார்த்தாங்க.

"யாரு வீட்டு ஆடு?"

அத்தைதான் முந்தானையை இழுத்துப் போட்டுக்கிட்டு, "பாதி எங்களுதுங்க மேடம்…"ன்னுச்சு.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அதுக்காக இம்புட்டு கெட்டியாவா அப்புறது? இலை வெந்துரும்மா. கழுவி விடுங்க. எங்க வீட்லயும் ஆடு இருந்துச்சு"ன்னாங்க.

கன்னெல்லாம் உயிரோட இருக்கு, தொடர்ந்து தண்ணி ஊத்தணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. சூப்பர்வைசர் அதை ரெண்டு தடவை வாசிச்சுக் காமிச்சாரு. அக்கா பதினொண்ணாவது சேர்ந்தா. இப்ப நர்சிங் படிக்கிறா.

இப்ப அந்தக் குவாரியைப் பார்த்தா நம்ப மாட்டீங்க. மரமெல்லாம் அம்மாவை விட உயரம். அத்தை வீட்டு ஆடுங்க அந்த நிழல்லதான் படுத்து அசை போடுது. கொழுந்து அதுகளுக்கு எட்டாது. புழுக்கை கரைக்கிற வேலையும் இல்லை.

நாளைக்கு மறுபடி பார்க்க வாராங்க. இதுதான் கடைசியாம். எல்லாம் நல்லா வந்திருக்குன்னு எழுதிட்டா குவாரிக்காரங்க பொறுப்பு முடிஞ்சுது. அம்மா வேலையும் அத்தோட முடிஞ்சுது.

நான் இப்ப ப்ளஸ் டூ. மில் பத்தி அப்பா இன்னும் எதுவும் சொல்லலை. சாப்பிடுறப்ப என்னை ஒரு தடவை பார்த்தாரு. அம்புட்டுதான்.

அன்னைக்கு, பட்டுப்போச்சுன்னு எழுதிருவாங்களோன்னு பயந்தோம். நாளைக்கு நல்லா இருக்குன்னுதான் எழுதுவாங்க… அதுக்குப் பயமா இருக்குடி.

சாயங்காலம் அம்மா குடத்தோட குவாரிக்குப் போச்சு. ரோட்டோர மரத்துலயெல்லாம் தூசி படிஞ்சு கெடந்துச்சாம். கைக்கு எட்டுற கிளையெல்லாம் கழுவி விட்டுட்டு வந்துச்சு.

"ஏம்மா… நாளையோட வேலையே முடியப் போகுதுல்ல?"ன்னேன்.

நனைஞ்ச முந்தானையைப் பிழிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு.

"அதுக்கு? பார்க்க வாரவங்களுக்குப் பச்சையாத் தெரிய வேணாமா?"