நிறுத்துவதற்கு முன் பெட்ரோல்

திருச்செங்கோட்டில் நாங்கள் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்த நாட்களை நினைத்தால், எனக்கு முதலில் சீமெண்ணெய்ப் புகை வாசம்தான் வரும். என் சேலையில், தலைமுடியில், ஆக்கிவைத்த ரசத்தில்கூட அந்த வாசம் இருந்தது. அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினேன். இப்போது எங்காவது அது வந்தால் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுத்தான் நகர்கிறேன். பைத்தியம்தான், வேறென்ன?

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் பெருகிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் துளை போட்டுவிட்டு வரும் வண்டிகளில் பாறைத்தூள் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். வாளித் தண்ணீருக்கெல்லாம் அது அசையாது. ப்ரஷர் பம்பு வைத்துப் பீய்ச்சி அடித்தால்தான் பெயரும். கரண்டை நம்பி அந்தப் பம்பை ஓட்ட முடியாது, வந்த சுருக்கில் போய்விடும். அதனால் என் வீட்டுக்காரர் பம்போடு பெல்ட் போட்டு ஒரு என்ஜினைப் பூட்டினார். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற என்ஜின். மேலே சின்ன டேங்கில் பெட்ரோல், பெரிய டேங்கில் சீமெண்ணெய், நடுவில் ஒரு திருகு. எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்த எண்ணெய் இறங்கும்.

அந்த என்ஜின் எனக்குப் புதிதில்லை. ராசிபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அதே மாதிரி ஒன்று இருந்தது. அப்பா சந்தைக்குப் போய்விட்டால் பருத்திக்குத் தண்ணீர் கட்டுவது நான்தான். அதன் குணம் எனக்கு அத்துப்படி. நிறுத்துவதற்கு முன்னால் திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சீமெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்பரேட்டரில் அதுவே தங்கிவிடும். ஆறிப்போன என்ஜின் சீமெண்ணெயில் கிளம்பாது. மறுநாள் கயிறு சுற்றி இழுக்கிறவன் தோள்பட்டை கழன்றாலும் கிளம்பாது.

இதை எங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அவருக்கு எதிலும் அவசரம். அது மட்டுமா, என்ஜினை எப்போதும் முழு வேகத்தில் அலறவிடுவார். சத்தம் பெரிதாக இருந்தால்தான் தண்ணீர் பலமாக அடிக்கிறது என்று வண்டிக்காரர்கள் நம்புவார்களாம். தண்ணீர் பீய்ச்சுகிற ‘கன்’னை மூடிவிட்டு வண்டியைத் தேய்க்கிற நேரத்திலும் என்ஜின் அலறும், எண்ணெய் போகும். நான் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்ப்பேன். ஒரு லாரிக்கு நாலு விரல் சீமெண்ணெய் இறங்கியிருக்கும். மூன்று விரலில் முடிக்கலாம் என்பேன். நீ வந்து முடியேன் என்பார் அவர். ஆட்கள் இருக்கும்போது நான் ஷெட்டுக்குப் போவதில்லை என்று தெரிந்தேதான் அப்படிச் சொல்வார். வர வேண்டாமென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வரச் சொன்னதுமில்லை.

தொழில் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் ஊரில் பெரிய ரிக் முதலாளி ஒருவர், வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வண்டியை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அதைக் கழுவி, பூஜை போட்டு, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் ஆந்திராவுக்குக் கிளப்ப வேண்டும். அவர் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்றவர்கள் வண்டியும் வந்து நிற்கும். இது அமைந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் ஷெட்டைக் காலி செய்துகொண்டு நான் அப்பா வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் என்ஜின் சட்டென்று நின்ற சத்தம் கேட்டது. ஷெட்டை ஒட்டித்தான் வீடு. அடுப்படியிலிருந்தே, பெட்ரோலுக்கு மாற்றித்தானே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். மாற்றியாச்சு என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டார்.

காலையில் எட்டரைக்கு வண்டி வந்தது. பின்னாலேயே மாலை, எலுமிச்சம்பழம், தேங்காயோடு முதலாளியும் வந்தார். எங்கள் வீட்டுக்காரர் கயிறு சுற்றி இழுத்தார். இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். என்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. ஒன்பதேகால் ஆயிற்று. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஈரோடு ரோட்டில் வேறு இடம் இருக்கிறதா என்று டிரைவரிடம் விசாரிப்பது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்ஜின் முன்னால் போய் நின்றேன்.

கார்பரேட்டர் அடியில் இருக்கும் மரையாணியைக் கழற்றி, வடிந்ததை விரலில் பிடித்து மோந்து பார்த்தேன். சுத்தச் சீமெண்ணெய். நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். இவர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தக் கையைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

என்ன கோளாறு என்று முதலாளி கேட்டார்.

“சீமெண்ணெயில தண்ணி கலந்திருக்குதுங்க. வாங்குன எடத்துல ஏமாத்திப்போட்டாங்க” என்றேன்.

அப்படியே கோர்வையாக வந்தது பொய். தேங்கியிருந்ததை வடித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, உள்ளே ஒரு மூடி பெட்ரோல் விட்டு, திருகைப் பெட்ரோல் பக்கம் திருப்பினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சூடேறியதும் நானே சீமெண்ணெய்க்கு மாற்றினேன். திரும்ப வீட்டுக்குள் போகவில்லை. இவர் கன்னை மூடும்போது நான் வேகத்தைக் குறைத்தேன், திறக்கும்போது கூட்டினேன். இறுகிக் கிடந்த பாறைத்தூள் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. இவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நாங்கள் சேர்ந்து செய்த வேலைகளில் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பத்தேகாலுக்குள் வண்டி பளபளவென்று நின்றது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, ராகு காலத்துக்கு முன்னால் ரோட்டைப் பிடித்துவிட்டது. அப்பாடா என்று நான் முகத்தைத் துடைக்கும்போது முதலாளி எங்களிடம் வந்தார். தண்ணீர் கலந்து விற்றவன் யார், எந்தக் கடை, சொன்னால் இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்று நின்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, செய்யக்கூடியவர். எங்களுக்குச் சீமெண்ணெய் தருகிறவர் பாவம், ஒரு சொட்டுகூடக் கலப்படம் அறியாத மனுஷர்.

இவர் கன்னைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“கடைக்காரர் மேல தப்பில்லீங்க. நேத்து பெட்ரோலுக்கு மாத்தாம நாந்தான் நிறுத்திப்போட்டேன். இவ கேட்டதுக்கு மாத்தியாச்சுன்னு பொய் சொன்னேன். என்ஜினைப் பத்தி என்னையவிட இவளுக்குத்தானுங்க தெரியும்.”

ஊசி கீழே விழுந்தால்கூடத் தன் தப்பு என்று ஒத்துக்கொள்ளாத மனுஷன். நாலு பேர் நிற்கிற இடத்தில் அதைச் சொல்லிவிட்டு, உரிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நான் மெனக்கெட்டுச் சொன்ன பொய்யை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே!

முதலாளி இவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்.

“புதன்கிழமை இன்னும் ரெண்டு வண்டி வருது அம்மணி. ஆகுமா?”

நான் பழக்கத்தில் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆகுமுங்க, அனுப்பிவைங்க” என்றேன்.