லெச்சுமி அத்தையின் பேஸ்ட்ரி

வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் மாஜரின் உருகும் வாடை எங்கிருந்து வந்தாலும் நான் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். மழையில் நனைந்த கம்பளியையும் பழைய எண்ணெயையும் ஒன்றாக மூடிவைத்துத் திறந்தால் எப்படியிருக்குமோ அப்படியொரு வாடை அது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க அதுதான் இருந்தது. சுவரில், போர்வையில், என் தலைமயிரில், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டுபோன ரொட்டியில்கூட. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வாடையை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அப்பாவின் தங்கை லெச்சுமி அத்தை. நாலு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை, பேஸ்ட்ரி செய்யும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. "அங்க செய்யிறதுதான் என் வேல, திங்கிறது அவங்க வேல," என்பாள். மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிக்க அவளுக்கு மனமில்லை. தோட்டத்து வீடுகளின் விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து கொடுத்தே இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

பேஸ்ட்ரி செய்வதைப் பற்றி வாயூற எழுதுகிறவர்கள் அதை லயத்துக் காம்பராவில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். கோதுமை மாவை உப்பும் தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளியும் விட்டுப் பிசைந்து, போத்தலால் உருட்டித் தேய்த்து, அதன்மேல் மஞ்சள் கட்டியாக மாஜரினை அப்பி, மடித்து, மழைக்குளிரில் ஜன்னலோரம் ஆறவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடிக்க வேண்டும். மடிப்பது என் வேலை. விரலிடுக்கில் பசை போல ஏறும் கொழுப்பு பீலிக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கழுவ வெள்ளையாக உறைந்து நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வைக்க, உறைப்புக்குக் கிழங்கும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும், இனிப்புக்குப் பாணியில் கிளறிய தேங்காய்ப்பூ. வேகவைக்க 'அவன்' அடுப்புக்கு எங்கே போவது? மணல் பரப்பிய பெரிய சட்டியில் தட்டை வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டி வேகவைத்தோம். முதல் பத்துத் தடவையும் மேலே கருகி, உள்ளே சவ்வு மாதிரிப் பச்சையாக இருந்தது. வீணாக்கக்கூடாது என்று அந்தச் சவ்வையெல்லாம் எங்களுக்கே தின்னக் கொடுத்தார்கள். "வெளிநாட்டு நெய்யி நாட்டு வயித்துக்கு ஆவாது," என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே விழுங்குவாள். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

எப்படியோ கார்த்திகை பாதியில் அத்தையின் கைக்கு அது வசப்பட்டது. ஏடு ஏடாக எழும்பிப் பொன்னிறமாக வந்த முதல் தட்டைப் பார்த்து அவள் சத்தமில்லாமல் கைதட்டினாள். செய்தி உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் ஸ்டாஃப் குவாட்டர்ஸ் வரை போயிற்று. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மகளுக்கு, பெரியவளான சடங்கு வைத்திருந்தார்கள். கிளாக்கரம்மா அத்தையைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, இனிப்பிலும் உறைப்பிலும் நூறு நூறு கேட்டாள். கூடவே, பதுளையில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ யாரிடமும் மூச்சுவிடாதே என்றும் சொல்லியிருக்கிறாள். அதை அத்தை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

சடங்கன்று அத்தை பின்பக்கம் பாத்திரம் கழுவ நின்றாள். என்னை நல்ல சட்டை போடவைத்துத் தட்டோடு முன் ஹாலுக்கு அனுப்பினார்கள். தெமோதரையிலிருந்து வந்திருந்த கிளாக்கரின் அக்கா, பட்டுச்சேலையும் காதில் கல் தோடுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயில வச்சதும் கரையுதே. எங்க வாங்குனது?"

"பதுளையில, அண்ணி. சொல்லிவச்சு எடுத்தோம்," என்றாள் கிளாக்கரம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லங்க, எங்க அத்த செஞ்சது. லயத்துல. நான்தான் மடிச்சேன்."

"எந்த அத்த?"

"குவைத்துலருந்து வந்த லெச்சுமி அத்த."

அவர் தாடை அப்படியே நின்றது. "குவைத்துல மாட்டெறச்சி அலசுன கையாச்சே அது," என்றார் பக்கத்திலிருந்தவளிடம். பிறகு உள்ளங்கையை வாய்க்குக் கீழே ஏந்தி, மென்றதையெல்லாம் அதில் துப்பினார். எச்சிலில் ஊறிய ஏடுகளும் லீக்ஸ் துணுக்குகளும் மருதாணி போட்ட அந்தக் கையில் கொழகொழவென்று கிடந்தன. அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தேன். நான் தின்ற பச்சைச் சவ்வுகூட அந்த அளவு அருவருப்பாக இருந்ததில்லை.

கிளாக்கரம்மா அத்தையை உள்ளே கூப்பிட்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அத்தை வந்து நின்றாள்.

"லெச்சுமி, இந்தப் புள்ள என்னமோ சொல்லுது. இத நீயா செஞ்ச?"

அத்தை என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கையிலிருந்ததையும் பார்த்தாள்.

"இல்லைங்கம்மா. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? சின்னப் புள்ளைங்க, ஒளறுது." சொல்லிவிட்டு என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தெமோதரை அக்கா எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் ஏந்தியிருந்த அதே தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிறகு இனிப்பில் ஒன்று. அவர் உதட்டோரம் மாஜரின் மினுங்கியது. தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை, காலியாகும் வரை ஏந்திக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அத்தை சிரித்தாள். "துப்புன வாயி, ரெண்டாவது எடுத்துச்சு பாத்தியா? என் கைய முழுசா முழுங்கிருச்சுடி அந்தம்மா!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்ன என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டு இவளுக்கு என்ன சிரிப்பு என்று பற்றிக்கொண்டு வந்தது. துப்பிய வாய், பொய் சொன்ன வாய் எல்லாம் எனக்கு அன்று ஒன்றாகவே குமட்டின.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அத்தை ஒரே சட்டியில் சோறு பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைத்துக்கொண்டு வந்தாள். என் முறை வந்தபோது நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏன்டி?"

"வேணாம்."

மறுநாளும் வேண்டாம் என்றேன். அதற்கு மறுநாளும். அம்மா போட்டுக் கொடுத்தால் தின்றேன், அத்தை கையால் வாங்கவில்லை. அவள் உருண்டையை நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்கும் என் கை ஆகலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதற்கில்லை, பொய் சொன்னதற்குத்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வலிக்கிறது என்று தெரிந்தது. வலிக்கட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன். அந்தப் பத்து வயதுக்காரியை நினைத்தால், கையில் துப்பிய பட்டுச்சேலைக்காரியை விட இவள்தான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருக்கிறாள்.

தனக்கு இதெல்லாம் தெரியாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னபிறகு அவளிடம் பலகாரம் கேட்டு யார் வருவார்கள்? தை பிறந்ததும் அத்தை மறுபடி குவைத்துக்கே போனாள். பதினோரு வருடம்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டுத் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கிளாக்கர் குவாட்டர்ஸின் கூரைத்தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஹாலில் ஆடு கட்டுகிறார்கள். நான் படிப்பிக்கும் பதுளையில், மடிக்கும் வேலையே இல்லாமல் பேஸ்ட்ரித் தாள்களை உறையவைத்து விற்கிறார்கள். அத்தை பூனாகலையில் தன் வீட்டில் இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு போவேன். என் அண்ணனின் பிள்ளைகளும் வந்துவிட்டால் இன்றும் சோறு பிசைந்து உருண்டை பிடித்து அவர்கள் கையில் வைப்பாள். எனக்கு மட்டும் தட்டு வைத்து, சோற்றையும் கறியையும் கரண்டியால் எடுத்து, விரல் படாமல் போடுவாள்.